சாமி கண்ணைக் குத்தாது: சின்னதுகளுக்கு நற்பண்பு பழக்கப் போகிறவர்களுக்கு

பூசை முடிந்து வெளியே வரும்போது பாதர் உங்களை நிறுத்தி, "மகள், இந்தச் சின்னதுகளை நீங்க கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்களேன்" என்று சொல்லியிருப்பார். ஏ.எல். என்கிற உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேறுக்காகக் காத்திருக்கிற பிள்ளைகளின் தலையில்தான் இந்த வேலை பெரும்பாலும் வந்து விழும். முதல் நன்மைக்கு, அதாவது முதல் தடவை நற்கருணை வாங்க, ஆயத்தமாகிற வகுப்புக்குப் புத்தகம் உண்டு, பழகிய ஆசிரியர் உண்டு. மூன்று வயதிலிருந்து ஆறு வயது வரை உள்ளதுகளுக்கு ஒரு பாய், பாதி உடைந்த கலர் பென்சில்கள், அப்புறம் நீங்கள். அவ்வளவுதான்.

அப்படி மாட்டிக்கொண்டவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். வீட்டில் சின்னப் பிள்ளை வைத்திருக்கிற அம்மா அப்பாவுக்கும், பேரப்பிள்ளையை வளர்க்கிற அம்மாயி அப்பாயிக்கும்கூட இதில் பாதிக்கு மேல் உதவும்.

நான் தொடங்கியது இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்துச் சின்னக் கோயிலில். ஏழு நற்பண்புகளின் பெயரையும் பிரிஸ்டல் போர்டில் கலர் கலராக எழுதி, சுவரில் ஒட்டி, கிளிப்பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கிற மாதிரி சொல்லிக்கொடுத்தேன். மூன்றாவது ஞாயிறு ஐந்து வயதுப் பையன் ஒருவன் எழுந்து ஏழையும் மூச்சு விடாமல் ஒப்புவித்தான். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அவன் உட்காரும்போதே பக்கத்துப் பிள்ளையின் கையிலிருந்த பிஸ்கட்டைப் பறித்து வாயில் போட்டுக்கொண்டான், சற்று முன் 'நீதி' என்று சொன்ன அதே வாயில். அந்த போர்ட் பிறகு கூரை ஒழுகுகிற இடத்தில் வாளிக்குக் கீழே விரிக்க உதவியது.

வகுப்புக்கு முன் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது

1992இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலை எடுத்து 1803ஆம் எண்ணைப் பாருங்கள். நற்பண்பு என்பது நன்மை செய்வதற்கு ஒருவரிடம் பழகி உறுதிப்பட்டுவிட்ட மனப்பாங்கு என்கிற பொருளில் அங்கே சொல்லியிருக்கும். பழகி என்பதுதான் நமக்கு வேண்டிய சொல். ஊறுகாய் ஊற நாள் பிடிக்கிற மாதிரி இதற்கும் நாள் பிடிக்கும், ஒரு ஞாயிறு பாடத்தில் முடிகிற காரியம் இல்லை.

தலையான நற்பண்புகள் நான்கு: விவேகம், நீதி, துணிவு, தன்னடக்கம். இந்த நான்கும் சாலமோனின் ஞானம் 8:7இல் ஒன்றாக வருகின்றன. கடவுளோடு நேரே சம்பந்தப்பட்டவை மூன்று: விசுவாசம், நம்பிக்கை, அன்பு. இவை 1 கொரிந்தியர் 13:13இல். இங்கே ஒரு சிக்கல் உண்டு, முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். பழைய செபப் புத்தகத்தில் வளர்ந்த அம்மாயி 'நம்பிக்கை' என்றால் அது பட்டியலில் இரண்டாவது. புதிய மொழிபெயர்ப்புகளில் 'நம்பிக்கை' என்றால் அது முதலாவது, இரண்டாவதுக்கு 'எதிர்நோக்கு' என்று பெயர். தன்னடக்கத்தை மட்டசனம் என்றும் அன்பைத் தேவசிநேகம் என்றும் சொல்கிற வயதானவர்களும் இன்னும் இருக்கிறார்கள். நீங்கள் எந்தச் சொல்லை வேண்டுமானாலும் எடுங்கள், ஆனால் வீட்டிலும் கோயிலிலும் ஒரே சொல்லாக இருக்கட்டும். உண்மையில் நாலு வயசுக்குப் பெயர் தேவையே இல்லை, பெயர் உங்களுக்குத்தான்.

இன்னொன்று வயது. 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 97ஆம் சட்டம், ஏழு வயது நிறைந்த பிள்ளைக்கே பகுத்தறிவைப் பயன்படுத்தும் ஆற்றல் உண்டு என்று எடுத்துக்கொள்கிறது. 1910இல் பாப்பரசர் பத்தாம் பத்திநாதர் சின்னப் பிள்ளைகளுக்கு நற்கருணை கொடுக்கலாம் என்று கதவைத் திறந்தபோதும் ஏறத்தாழ ஏழு வயதைத்தான் சொன்னார். ஆக, உங்கள் பாயில் உட்கார்ந்திருக்கிற நாலு வயதுக்காரியிடம் பாவம், நரகம் என்று பேசத் தொடங்கினால், சபையே கேட்காத கணக்கை நீங்கள் கேட்கிறீர்கள்.

முதல் படி: ஒரு வாக்கியத்தை விட்டுவிடுங்கள்

"சாமி கண்ணைக் குத்தும்."

நாம் எல்லாரும் இதைக் கேட்டுத்தான் வளர்ந்தோம். சோறு சிந்தினால் குத்தும், பொய் சொன்னால் குத்தும், பூசையில் திரும்பிப் பார்த்தால் குத்தும். உடனே வேலை செய்வதால்தான் இது இவ்வளவு காலம் நிலைத்திருக்கிறது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பிள்ளைக்கு நீங்கள் அடுத்த வாரம் நல்ல ஆயனின் படத்தைக் காட்டப் போகிறீர்கள். காணாமல் போன ஆட்டைத் தோளில் தூக்கி வருகிற அதே சாமி கண்ணைக் குத்துகிறவராகவும் இருந்தால், பிள்ளை எதை நம்பும்? எங்கள் வகுப்பில் ஒரு சின்னவள் சிலுவைக்கு முன்னால் போனாலே கண்ணைப் பொத்திக்கொள்வாள். ஏனென்று கண்டுபிடிக்க எனக்கு இரண்டு மாதம் ஆயிற்று.

அதற்குப் பதில் என்ன சொல்வது? நடந்ததைச் சொல்லுங்கள். "தங்கச்சிக்கு வலிக்குது பாரு." அது போதும். அப்புறம் அவன் செய்யக்கூடிய ஒன்றைச் சொல்லுங்கள்: "அவளுக்குத் தண்ணி கொண்டு வா." சின்னதுகளுக்கு வருத்தப்படத் தெரியாவிட்டாலும் தண்ணி கொண்டுவரத் தெரியும். வருத்தம் பிறகு தானாக வரும்.

இரண்டாம் படி: இடம், நேரம், சாமான்

நாற்பது நிமிஷத்துக்கு மேல் வேண்டாம். பல தோட்டங்களில் மாதத்துக்கு ஒருமுறை, இருமுறைதான் பாதர் வர முடிகிறது. பூசை இல்லாத ஞாயிறுகளிலும் அதே நேரத்துக்குக் கோயிலைத் திறந்து வையுங்கள். நேரம் மாறாமல் இருப்பதே பாதிப் பாடம். காலையில் குளிரில் நடுங்கிக்கொண்டு வருகிறவர்களுக்கு முதலில் ஒரு கோப்பை சூடான தேத்தண்ணி அல்லது வெந்நீர் கிடைத்தால் மற்றதெல்லாம் எளிது.

சாமான்கள்: கனமான பாய், ஒரு சின்ன மேசை, வெள்ளைத் துணி, மெழுகுதிரி, நெருப்புப்பெட்டி (உங்கள் கையில் மட்டும்), இரண்டு கண்ணாடிக் கோப்பை, ஒரு செம்புத் தண்ணீர், தரை துடைக்கத் துணி. கண்ணாடி உடையும் என்று பிளாஸ்டிக் வாங்காதீர்கள். உடையக்கூடியதைக் கையில் கொடுத்தால்தான் பிள்ளையின் நடை மாறும். இதை நான் கண்டுபிடிக்கவில்லை. மரியா மொன்டிசோரி சொன்னது. அவர் இந்தியாவில் தங்கியிருந்த காலத்தில், 1944இல், இலங்கைக்கும் வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி நடத்தினார். முன்பள்ளியை நாம் இன்னும் 'மொன்டிசோரி' என்று சொல்கிறோமே, அவர்தான். கத்தோலிக்கர். அவருடைய வழியைப் பின்பற்றி 1954இல் ரோமில் சோஃபியா கவலெத்தியும் ஜியான்னா கோப்பியும் சின்னப் பிள்ளைகளுக்கான மறைக்கல்வி முறை ஒன்றைத் தொடங்கினார்கள். அவர்கள் ஆறு வயதுக்குக் கீழே ஒழுக்கப் பாடம் என்று தனியாக ஒன்றை வைக்கவில்லை, நல்ல ஆயனைத்தான் வைத்தார்கள். முதலில் அன்பு செய்யப்படுவதைப் பிள்ளை உணரட்டும், எது சரி எது பிழை என்பது பிறகு வரும் என்பது அவர்கள் கணக்கு.

ஆயனைப் பற்றிச் சொல்லும்போது நம் ஊருக்கு ஒரு திருத்தம் தேவைப்படும். 'ஆடு' என்றதும் நம் பிள்ளைகள் நினைப்பது லயத்துக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, பின்னால் கட்டியிருக்கிற வெள்ளாட்டை. அது கயிற்றை அறுத்துக்கொண்டு போய் அடுத்த வீட்டு மரக்கறித் தோட்டத்தை மேய்ந்துவிட்டுச் சண்டை மூட்டுகிற ஆடு. "அந்த ஆட்டையா சாமி தூக்கினாரு? அடிக்கலியா?" என்று ஒருவன் கேட்டான். செம்மறி வேறு என்று விளக்க வாயெடுத்துவிட்டு நிறுத்திக்கொண்டேன். அவன் கேட்டது சரியான கேள்வி.

மூன்றாம் படி: முதல் மாதம் முழுக்கக் கையும் காலும்

எதையும் போதிக்காதீர்கள். பழக்குங்கள். சிலுவை அடையாளம் போடுவது, நற்கருணைப் பேழைக்கு முன்னால் முழந்தாளிடுவது, சப்பாத்தை வரிசையாக வைப்பது, கோப்பையில் தண்ணீரை நிரப்பிக்கொண்டு சிந்தாமல் மேசை வரை நடப்பது, சிந்தினால் தானே துடைப்பது. கடைசியில் மெழுகுதிரியை ஏற்றி, வெளியே என்ன சத்தம் கேட்கிறது என்று ஒரு நிமிஷம் சும்மா இருந்து கேட்பது. எங்கள் பிள்ளைகளுக்கு ஓடைச் சத்தம், தூரத்தில் இஸ்டோர் (தேயிலை ஆலை) மெஷின், யாரோ வீட்டு ரேடியோ, ஒருநாள் ரயில். இந்த ஒரு நிமிஷத்துக்காக அவர்கள் வாரம் முழுக்கக் காத்திருப்பார்கள், நம்ப மாட்டீர்கள்.

சிலுவை அடையாளம் சொல்லிக்கொடுக்கும்போது ஒரு நுட்பம். நீங்கள் பிள்ளைகளைப் பார்த்து நின்று வலக்கையைத் தூக்கினால், எதிரே நிற்கிற பிள்ளை இடக்கையைத் தூக்கும், கண்ணாடியில் பார்க்கிற மாதிரி. ஒன்று, நீங்களும் பீடத்தைப் பார்த்துத் திரும்பி அவர்களுக்கு முன்னால் நில்லுங்கள். அல்லது அவர்களுக்குப் பின்னால் முழங்காலில் இருந்து கையைப் பிடித்துக் காட்டுங்கள். நான் ஆறு மாதம் கழித்துத்தான் இதைக் கவனித்தேன், அதற்குள் ஒரு செட் பிள்ளைகள் இடக்கையால் பழகிவிட்டார்கள்.

தண்ணீர் தூக்குகிற பயிற்சியும் அந்த ஒரு நிமிஷ மௌனமும் தன்னடக்கத்துக்கான அத்திவாரம். 'தன்னடக்கம்' என்ற சொல்லை நீங்கள் வாயில் எடுக்க வேண்டியதே இல்லை. வீட்டில் இதற்குச் சமமானது, எல்லாருடைய தட்டிலும் ரொட்டி விழும் வரை காத்திருந்து செபம் சொல்லிவிட்டுத் தின்பது. போனை எடுத்துக்கொண்டால் அழுகிற பிள்ளைக்கு முதலில் ரொட்டிக்குக் காத்திருக்கப் பழக்குங்கள். போனை வைத்து நேரே மோதினால் நீங்கள்தான் தோற்பீர்கள்.

நான்காம் படி: நீதியிலிருந்து தொடங்குங்கள்

அன்பிலிருந்து தொடங்கச் சொல்லித்தான் எல்லாரும் சொல்வார்கள். என் அனுபவத்தில் நீதிதான் சின்னதுகளுக்கு முதலில் பிடிபடுகிறது. "அவனுக்கு மட்டும் பெருசு!" என்று மூன்று வயதிலேயே கத்துகிறதுகள் இல்லையா, அந்த இடத்தில் பிடித்துக்கொள்ளுங்கள்.

தோட்டத்துப் பிள்ளைகளுக்குத் தராசு தெரியும். பறித்த தேயிலைக் கொழுந்தை மடுவத்தில் நிறுத்துக் கொடுத்த பிறகு "இன்னிக்கும் ரெண்டு கிலோ வெட்டிட்டாங்க" என்று அம்மா வந்து புலம்புவதை அடுப்படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டு வளர்கிறதுகள். அவரவருக்கு உரியதை அவரவருக்குக் கொடுப்பது நீதி என்ற விளக்கத்தை இதைவிடத் தெளிவாக எந்தப் புத்தகமும் சொல்லாது. ஆனால் அடுத்தவர் செய்த அநீதியோடு பாடம் நின்றுவிடக் கூடாது, பிள்ளையின் கையிலும் ஒரு தராசு இருக்கிறது.

ரொட்டி விளையாட்டு செய்து பாருங்கள். இரண்டு பிள்ளைகளுக்கு ஒரு தேங்காய் ரொட்டி. ஒருவர் பிட்க வேண்டும், மற்றவர் முதலில் எடுக்க வேண்டும். முதல் நாள் ஒருவன் பெரியது சின்னதாகப் பிட்டுவிட்டு, பெரியதை அடுத்தவள் எடுத்துக்கொண்டதும் மூக்கைச் சிந்தி அழுவான். சமாதானப்படுத்தலாம், ஆனால் வேறு துண்டு கொடுக்காதீர்கள். மூன்றாவது வாரம் அதே பையன் ரொட்டியை வெளிச்சத்தில் பிடித்து நாலு பக்கமும் பார்த்து அளந்து பிட்பதைப் பார்ப்பீர்கள். பிறகு ஒருநாள், யாரும் சொல்லாமலே, பெரிய துண்டை அடுத்தவர் பக்கம் தள்ளிவிடும் பிள்ளையும் வரும். அங்கே நீதி முடிந்து அன்பு தொடங்கிவிட்டது. கைதட்டிக் கூட்டம் கூட்டாதீர்கள், கண்டும் காணாமல் இருங்கள்.

"இது யாருடையது?" என்பது அடுத்த பயிற்சி. பாயில் கிடக்கிற பென்சில், கிளிப், ஒற்றைச் சப்பாத்து. எடுத்து உரியவரிடம் கொடுப்பது. நன்றி சொல்வதும் நீதியில் சேர்ந்ததுதான், கடவுளுக்கு உரியதைக் கடவுளுக்குக் கொடுப்பது. வாரம் ஒரு பிள்ளை ஒரு விஷயத்துக்கு நன்றி சொல்லலாம். "மழை நின்னதுக்கு" என்பார்கள். "கரண்ட் வந்ததுக்கு" என்பார்கள். திருத்த வேண்டாம்.

ஐந்தாம் படி: துணிவு என்றால் உண்மை சொல்வது

துணிவை வீரக் கதைகளில் தேடத் தேவையில்லை. அட்டை கடித்தால் கத்தாமல் உப்பு கேட்பதும், இருட்டில் வெளியே கக்கூசுக்குப் போக டோர்ச்சோடு அக்காவுக்குத் துணை போவதும் நாலு வயதுக்குப் பெரிய துணிவுதான். ஆனால் எல்லாவற்றிலும் கஷ்டமானது, உடைத்துவிட்டு "நான்தான்" என்று சொல்வது.

ஒருநாள் பீடத்துப் பூச்சாடி உடைந்து கிடந்தது. "யார் உடைச்சது?" என்று கேட்டேன். பத்து விரல்கள் பத்துப் பக்கம் நீண்டன. யோசித்துப் பார்த்தால் நான் கேட்ட தொனியில் பொலிஸ்காரர்கூடக் கேட்க மாட்டார். அடுத்த முறை கேள்வியை மாற்றினேன்: "இதை எப்படிக் கூட்டி எடுப்போம்?" ஒருத்தி போய்த் தும்புத்தடியைக் கொண்டுவந்தாள், கொண்டுவரும்போதே "டீச்சர், என் கை பட்டுச்சு" என்றாள்.

அதிலிருந்து ஒரு சட்டம் வைத்தோம், வீட்டுக்காரர்களிடமும் சொன்னோம்: உண்மை சொன்ன பிள்ளைக்கு அடி கிடையாது, கூட்டி எடுக்கிற வேலை மட்டும் உண்டு. சில அப்பாமார் சிரித்தார்கள். ஒரு அப்பாயி, "அடிக்காம வளர்த்தா புள்ள தறுதலையா போயிரும்" என்று ஒரே பிடியாக நின்றார். நான் வாதாடவில்லை, ஒரு மாதம் மட்டும் பார்க்கச் சொன்னேன். உண்மை சொன்னதற்கு ஒரு தடவை அடி வாங்கிய பிள்ளை அடுத்த தடவை எதைக் கற்றுக்கொண்டு வரும் என்று உங்களுக்கே தெரியும்.

இங்கே கதை ஒன்று சொல்லத்தான் வேண்டும் என்றால் நம் புனிதர் யோசேப் வாஸ் இருக்கிறார். 1651இல் கோவாவில் பிறந்தவர், ஒல்லாந்தர் கத்தோலிக்க மதத்தைத் தடைசெய்திருந்த காலத்தில், 1687இல், கூலியாள் வேடத்தில் இந்தத் தீவுக்கு வந்தார். கண்டிக்குப் போனதும் போர்த்துக்கேய ஒற்றன் என்று பிடித்து அடைத்தார்கள். அதே கண்டியில் 1690களில் பெரியம்மை பரவியபோது, மற்றவர்கள் நோயாளிகளை விட்டு ஓட, அவர் கூடவே இருந்து பராமரித்தார். தமிழும் சிங்களமும் படித்துப் பேசினார். 1711 ஜனவரி 16இல் கண்டியிலேயே இறந்தார். 2015 ஜனவரி 14இல் பாப்பரசர் பிரான்சிஸ் கொழும்பு காலிமுகத்திடலில் அவரைப் புனிதராக அறிவித்தார். இவ்வளவும் உங்களுக்கு. பிள்ளைகளுக்கு இரண்டு வரி போதும்: "காய்ச்சல் வந்தவங்ககிட்ட யாரும் போகல. யோசேப் வாஸ் சாமியார் போனாரு, தண்ணி கொடுத்தாரு." பிறகு காய்ச்சலில் படுத்திருக்கிற தம்பிக்கு யார் தண்ணி கொடுப்பது என்று கேளுங்கள்.

விவேகமும், அதோடு ஒட்டிய ஒரு எச்சரிக்கையும்

விவேகத்தைச் சின்னதுகளுக்கு மூன்று சொல்லில் பழக்கலாம்: நில், பார், கேள். ஓடையைத் தாண்டும் முன் நில். லொறி வருகிறதா பார். தெரியாவிட்டால் பெரியவரிடம் கேள். விளையாட்டாகவே செய்யலாம், நீங்கள் "நில்!" என்றதும் எல்லாரும் சிலை மாதிரி நிற்க வேண்டும்.

எச்சரிக்கை இதுதான். கீழ்ப்படிதல் நல்லது, நான்காம் கட்டளை இருக்கிறது. ஆனால் "பெரியவங்க என்ன சொன்னாலும் கேக்கணும்" என்று மட்டும் சொல்லிக்கொடுக்காதீர்கள். அம்மா விடியவே மலைக்குப் போய்விடுகிறார், பிள்ளை பலர் கையில் மாறுகிறது. தன் உடம்பைத் தொடுவது பிடிக்கவில்லை என்றால் "வேணாம்" என்று சொல்லலாம், அப்படிச் சொல்வது பாவமில்லை, தொட்டவர் மாமாவாக இருந்தாலும் வாத்தியாராக இருந்தாலும் கோயில் ஆளாக இருந்தாலும் அம்மாவிடம் சொல்லலாம், "யாரிடமும் சொல்லாதே" என்று ஒருவர் சொன்னால் அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். இதையெல்லாம் மெதுவாக, பயமுறுத்தாமல், அடிக்கடி சொல்லுங்கள். நீங்களும் எந்தப் பிள்ளையோடும் கதவு சாத்திய அறையில் தனியாக இருக்காதீர்கள், எப்போதும் இரண்டு பெரியவர்கள். சந்தேகம் வந்தால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்கு அழையுங்கள். ஊர்ப் பேச்சுக்குப் பயந்து மறைப்பதற்கு விவேகம் என்று பெயர் வைக்காதீர்கள்.

மற்ற மூன்றும்

விசுவாசம், நம்பிக்கை, அன்பு மூன்றையும் நாம் பிள்ளைக்குள் உண்டாக்குவதில்லை. ஞானஸ்நானத்தில் கடவுள் கொடுக்கிறார் என்பதுதான் சபையின் படிப்பினை. நம் வேலை அதற்கு இடம் விட்டுக்கொடுப்பது. இது உங்களுக்குப் பெரிய ஆறுதல், எல்லாம் உங்கள் தலையில் இல்லை.

விசுவாசத்துக்கு, இரவில் பிள்ளையின் நெற்றியில் பெரியவர் ஒருவர் சிலுவை வரைந்துவிடுவதைப் போல எதுவும் வராது. அப்பா குடித்துவிட்டு வருகிற வீடுகளில் அப்பாயி வரையட்டும்.

நம்பிக்கையில் கவனமாக இருங்கள். எங்கள் வகுப்பில் எப்போதும் இரண்டு மூன்று பேருடைய அம்மா வெளிநாட்டில் வீட்டு வேலைக்குப் போயிருப்பார். "நல்லா செபம் செஞ்சா அம்மா நத்தாருக்கு வந்திருவாங்க" என்று ஒருபோதும் சொல்லாதீர்கள். நான் சொன்னேன். அம்மா வரவில்லை, விசா சிக்கலோ என்னவோ. நத்தார் பூசையில் அந்தப் பிள்ளை கோயில் கதவையே பார்த்துக்கொண்டு இருந்தாள், பாலன் குடிலைப் பார்க்கவே இல்லை. இப்போது யோகட் கப்பில் போஞ்சி விதை போடுகிறோம். தண்ணீர் ஊற்றுகிறோம், ஒன்றும் தெரிவதில்லை, இருந்தாலும் ஊற்றுகிறோம். முளைக்காத கப்பும் இருக்கும், அதற்கு இன்னொரு விதை. அம்மாவுக்காகச் செபிக்கும்போது, "அம்மா எங்கே இருந்தாலும் இயேசு கூட இருக்கட்டும்" என்று மட்டும் சொல்கிறோம்.

அன்புக்கு லிசியே நகரின் புனித தெரேசாவின் மணிமாலை. இருபத்து நாலு வயதில், 1897இல், இறந்தவர். சின்ன வயதில், செய்த சின்னச் சின்னத் தியாகங்களை எண்ண ஒரு மணிக்கயிறு வைத்திருந்தார். நகர்த்தினால் அப்படியே நிற்கிற மாதிரி பத்து மணிகளைக் கயிற்றில் கோத்துப் பையில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஒரு நல்ல காரியம் செய்தால் ஒரு மணி. எத்தனை என்று யாரும் கேட்கக் கூடாது, நீங்களும்தான். நத்தாருக்கு முன் திருவருகைக் காலத்தில் இதையே வேறு விதமாகச் செய்யலாம்: ஒவ்வொரு நல்ல காரியத்துக்கும் ஒரு மானாப்புல் குடிலில், பாலனுக்கு மெத்தை. யார் எத்தனை புல் போட்டது என்று போட்டி வந்துவிட்டால் எல்லாப் புல்லையும் ஒரே பெட்டியில் வைத்து எல்லாரையும் ஒன்றாகப் போடச் சொல்லுங்கள். ஸ்டார் ஒட்டுகிற அட்டை, முதல் பரிசு, டொபி எல்லாம் வேண்டாம். டொபிக்காக நல்லவனாக இருக்கிறவன் டொபி தீர்ந்ததும் நிறுத்திவிடுவான்.

அடுத்த வீட்டுச் சாமி

நம் லயங்களில் பாதிக்கு மேல் இந்துக் குடும்பங்கள். மாரியம்மன் திருவிழாவில் தப்பு மேளச் சத்தம் கேட்டால் நம் பிள்ளைகளும்தான் ஓடும். "அவங்க சாமி பொய்ச் சாமியா?" என்று ஒரு நாள் கேட்பார்கள். "பேய்" என்று சொல்லிக்கொடுக்கிற பெரியவர்கள் இருக்கிறார்கள், நீங்கள் அந்தப் பக்கம் போகாதீர்கள். மற்ற மதங்களில் உண்மையும் புனிதமுமாக உள்ள எதையும் திருச்சபை தள்ளிவிடுவதில்லை என்று 1965இலேயே இரண்டாம் வத்திக்கான் சங்கம் எழுதிவைத்துவிட்டது. "நாம இயேசுகிட்ட செபிக்கிறோம், அவங்க அவங்க வழக்கப்படி கும்பிடுறாங்க, அவங்க கும்பிடும்போது நாம கேலி செய்யக்கூடாது" என்றால் போதும். தீபாவளிக்கு முறுக்கு வந்த தட்டை வெறும் தட்டாகத் திருப்பி அனுப்பாமல் நத்தாருக்குக் கேக் வைத்து அனுப்புவதைப் பிள்ளையின் கையாலேயே செய்யவையுங்கள்.

வீட்டுக்கு என்ன அனுப்புவது

பெற்றோர்தான் முதல் ஆசிரியர் என்று மறைக்கல்வி நூல் 2223ஆம் எண்ணில் சொல்கிறது. வாரம் நாற்பது நிமிஷம் பார்க்கிற நீங்கள் உதவியாள். ஆனால் விடியுமுன் எழுந்து சமைத்துவிட்டுப் பெரட்டுக்கு (காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கிற இடத்துக்கு) ஓடி, மாலையில் முதுகு வலியோடு திரும்புகிற ஒரு அம்மாவிடம் ஒரு பக்கக் கடிதம் கொடுப்பது வீண். மாதத்துக்கு ஒரு வேலை மட்டும் வாயால் சொல்லி அனுப்புங்கள்: "இந்த மாசம் ரொட்டியைப் பிள்ளை பிட்கட்டும், நீங்க எடுங்க." பகலில் பிள்ளைகளை விட்டுப்போகிற பிள்ளைக் காம்பராவில் பார்த்துக்கொள்கிற அக்காவிடமும் அதையே சொல்லுங்கள்.

பெரியவர்களிடம் இன்னொன்றும் கேளுங்கள், இது கஷ்டமானது: பிழை விட்டால் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். நான் ஒருமுறை தவறாக ஒருவனைத் திட்டிவிட்டு அடுத்த ஞாயிறு எல்லார் முன்னாலும் "மகன், டீச்சர் பிழை, மன்னிச்சிரு" என்றேன். அவன் பெரிய மனுஷன் மாதிரித் தலையாட்டிவிட்டு, "சரி, இனிமே பாத்துச் செய்யுங்க" என்றான்.

ஏழு வயது நிறைந்ததும் பிள்ளைகளை முதல் நன்மை வகுப்புக்கு அனுப்பும்போது அந்த ஆசிரியரிடம் நேரில் பேசுங்கள். யாருக்கு எது பயம், யார் வீட்டில் அம்மா இல்லை, யார் இன்னும் அடிக்கிறான், யார் வாயே திறக்க மாட்டாள் என்பதெல்லாம் அவருக்குத் தெரிய வேண்டும். பிள்ளைகளும் நடுவில் எட்டிப் பார்த்து, "டீச்சர், நானே தண்ணி தூக்கவா?" என்று கேட்பார்கள். தூக்கட்டும்.

கடைசியாக, ஒவ்வொரு ஞாயிறும் போகும் முன் பாயைச் சுருட்டி மூலையில் வைக்காதீர்கள். வெயில் இருந்தால் வெளியே போடுங்கள், இல்லாவிட்டால் வாங்குப் பலகையின் மேல் விரித்துவிடுங்கள். இந்த ஊர் ஈரத்துக்கு இரண்டு வாரத்தில் பூஞ்சணம் பிடித்துவிடும்.